வகுப்பறையில் தொடங்கும் கொலைக் கதைகள்

(நூற்றாண்டு விழாவின் இலக்கிய அமர்வில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



என்னைப் பேசக் கேட்டபோது விருப்பமான எந்தப் பொருளிலும் பேசலாம் என்றார்கள். எனக்கு விருப்பமானது துப்பறியும் கதை. நூற்றாண்டு விழா மேடையில் கொலையைப் பற்றிக் கதைக்கலாமா என்று செயலாளரைக் கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "பாடசாலையோட தொடர்பு இருந்தால் கதையுங்கோ" என்றார். தொடர்பு இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளையை மற்றப் பிள்ளைகள் வருத்தியது முப்பது வருடம் கழித்து ஒரு கொலையாக வெளிவருவதாகச் சொல்லும் கதைகள் உலகம் முழுவதும் எழுதப்படுகின்றன. அந்தக் கதைகளில் எது உண்மை, எது உண்மை இல்லை என்பதைத்தான் இன்று பேச வந்தேன்.

முதலில் ஒரு சொல். தமிழ்நாட்டில் 'ராகிங்' என்பதை நாங்கள் 'பகிடிவதை' என்கிறோம். யார் இந்தச் சொல்லை ஆக்கினாரோ, நன்றாக ஆக்கியிருக்கிறார். செய்தவரைக் கேட்டால் பகிடி என்பார். பட்டவரைக் கேட்டால் வதை என்பார். இரண்டு பேருடைய வாக்குமூலமும் ஒரே சொல்லுக்குள் இருக்கிறது. பல்கலைக்கழகத்துக்கென்று வந்த சொல்தான், ஆனாலும் ஆறாம் வகுப்புக்கும் பொருந்தும்.

தமிழில் இந்தப் பொருளைத் தொட்டுப் பெரிதும் ஓடிய கதை 2018இல் வந்த 'ராட்சசன்' திரைப்படம். ராம்குமார் இயக்கியது. இங்கே இருக்கும் மாணவிகள் பார்த்திருப்பீர்கள், பார்க்கவேண்டாம் என்று வீட்டில் சொல்லியிருந்தாலும். உடலை முதுமையாகக் காட்டும் நோயோடு பிறந்த ஒரு பையன். வகுப்பில் யாரும் அவனோடு சேர்வதில்லை. ஒரு சிறுமி மட்டும் நட்பாகப் பழகுகிறாள். அவன் தன் விருப்பத்தைச் சொல்ல, அவள் மறுக்க, அது வகுப்பு முழுவதற்கும் கேலியாகிறது. வளர்ந்த பிறகு அவன் பள்ளிச் சிறுமிகளைத் தேடித் தேடிக் கொல்கிறான்.

படம் விறுவிறுப்பானது, அதை மறுக்கமாட்டேன். ஆனால் அது சொல்லும் காரணம் எனக்கு ஒத்துவரவில்லை. கேலிக்கு ஆளான பிள்ளையையே அரக்கனாக்குகிறது. அவனுடைய நோயை அச்சமூட்டும் முகமூடியாகப் பயன்படுத்துகிறது. அன்று வகுப்பில் என்ன நடந்ததென்று அறிந்திருக்கவேண்டிய ஆசிரியர்களைப் படம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அதே படத்தில் மாணவிகளை மிரட்டித் துன்புறுத்தும் ஓர் ஆசிரியர் வருகிறார். என்னை உண்மையில் பயப்படுத்தியது அந்தப் பகுதிதான். முகமூடி இல்லாமல் வருகிறவர் அவர்.

கதையை விட்டு நாட்டுக்கு வருவோம். பதிவில் உள்ள சம்பவங்களைப் பார்த்தால், வதைபட்டவர் கத்தி எடுத்ததாக அவை சொல்லவில்லை. 1975இல் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் விவசாய பீட மாணவி ரூபா ரத்னசீலி, பகிடிவதையிலிருந்து தப்புவதற்காக விடுதியின் மாடியிலிருந்து குதித்தார். அவருக்கு 22 வயது. உயிர் தப்பியது, ஆனால் உடல் செயலிழந்தது. 2002இல் அவர் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். இடையில் 27 வருடங்கள். அவரை வருத்தியவர்கள் அந்த 27 வருடத்தில் பட்டம் பெற்றிருப்பார்கள், உத்தியோகம் பார்த்திருப்பார்கள், பேரப்பிள்ளைகளையும் கண்டிருக்கலாம். அந்த விடுதிக்கு இராமநாதன் மண்டபம் என்று பெயர். 1913இல் மருதனார்மடத்தில் பெண்பிள்ளைகளுக்கென்று கல்லூரி தொடங்கிய அதே சேர் பொன்னம்பலம் இராமநாதனின் பெயர்.

அதே பேராதனையில் 1997இல் பொறியியல் பீடத்துப் புதுமுக மாணவன் வரப்பிரகாஷ், அளவுமீறி உடற்பயிற்சி செய்விக்கப்பட்டதால் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். அடுத்த வருடம் நாடாளுமன்றம் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டத்தை நிறைவேற்றியது. பகிடிவதைக்கு இரண்டு வருடம் வரை கடூழியச் சிறை. பாலியல் துன்புறுத்தலோ கடுங்காயமோ ஏற்பட்டால் பத்து வருடம் வரை. தமிழ்நாட்டிலும் இப்படித்தான். 1996இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவன் நாவரசு கொல்லப்பட்டார், 1997இல் சட்டம் வந்தது. அந்தக் கொலை வழக்கில் மூத்த மாணவன் ஒருவருக்குக் கீழ்நீதிமன்றம் கொடுத்த தண்டனையை உயர்நீதிமன்றம் நீக்கியது. இந்திய உச்ச நீதிமன்றம் 2011இல் மீண்டும் உறுதிசெய்தது. பதினைந்து வருடம். இரண்டு கரையிலும் ஒரு பிள்ளை போன பிறகுதான் சட்டம் வந்திருக்கிறது.

அப்படியென்றால் இந்தக் கதைகளால் பயனே இல்லையா என்று கேட்பீர்கள். ஒரு நாவல் இருக்கிறது. ஜப்பானிய எழுத்தாளர் கெய்கோ ஹிகாஷினோ 1996இல் எழுதியது. ஆங்கிலத்தில் 2014இல் 'மாலிஸ்' என்ற பெயரில் வந்தது. வன்மம் என்று தமிழில் சொல்லலாம். கதையின் முடிவைச் சொல்லப்போகிறேன். வாசிக்க எண்ணியிருப்பவர்கள் கொஞ்சநேரம் காதைப் பொத்திக்கொள்ளுங்கள்.

புகழ்பெற்ற நாவலாசிரியர் ஒருவர் நாட்டைவிட்டுக் கனடாவுக்குப் புறப்படுவதற்கு முந்திய இரவு தன் வீட்டில் கொல்லப்படுகிறார். (கனடா என்றதும் எங்கள் ஆட்களுக்குக் காது கூர்மையாகிவிடும்.) கொன்றவர் அவருடைய பள்ளிக்காலத் தோழர், பெரிதாகப் பெயர் பெறாத சிறுவர் கதை எழுத்தாளர். இது புத்தகத்தின் முற்பகுதியிலேயே தெரிந்துவிடும். மீதி முழுவதும் ஒரே கேள்வி: ஏன்? கொலையாளி ஒரு காரணம் சொல்கிறார். தன் எழுத்தையெல்லாம் நண்பர் திருடிப் பெயர் வாங்கினார் என்கிறார். கேட்பவர்கள் எல்லோரும் கொன்றவருக்காக இரங்கத் தொடங்குகிறார்கள்.

துப்பறிபவர் காகா அதை நம்பவில்லை. காகா ஒரு காலத்தில் ஆசிரியராக இருந்தவர். தன் வகுப்பில் நடந்த வதையைத் தடுக்க முடியாமல்போனதால் அந்தத் தொழிலை விட்டவர். அவர் என்ன செய்கிறார் தெரியுமா? இருவரோடும் நடுநிலைப் பள்ளியில் படித்தவர்களை ஒவ்வொருவராகத் தேடிப் போகிறார். ஒருவர் ஒன்றைச் சொல்கிறார், மற்றவர் வேறொன்றைச் சொல்கிறார். "அவனையும் அடித்தார்கள்" என்கிறார் ஒருவர். "அவனும் அந்தக் கூட்டத்தோடுதானே திரிந்தான்" என்கிறார் இன்னொருவர். கடைசியில் தெரிவது இதுதான். கொன்றவர் சிறுவயதில் அடிவாங்கியவர், பிறகு அடிக்கு அஞ்சி அடிப்பவர்களோடு சேர்ந்துகொண்டவர். கொல்லப்பட்டவர் எவ்வளவு வதைபட்டும் பணியாதவர், தன் நண்பனைக் காட்டிக்கொடுக்காதவரும்கூட. அதைத்தான் மற்றவரால் பொறுக்க முடியவில்லை. தனக்கு இல்லாதுபோன துணிவை ஒவ்வொரு நாளும் நினைவூட்டிக்கொண்டிருந்த ஆளை உயிரோடு மட்டுமல்லாமல், பெயரோடும் சேர்த்து அழிக்க நினைத்தார்.

இனிக் காதைத் திறக்கலாம்.

இந்த நாவலில் எனக்குப் பெறுமதியாகப் பட்டது கொலையும் அல்ல, கொலையாளியின் தந்திரமும் அல்ல. பழைய வகுப்புத் தோழர்களிடம் போய்க் கேட்கிறாரே, அந்தப் பகுதிதான். வகுப்பறையில் நடந்ததற்குச் சாட்சி இல்லாமற்போவதில்லை. நாற்பது பேர் இருந்திருப்பார்கள். யார் செய்தது என்பது அன்றே எல்லோருக்கும் தெரியும். துப்பறியவேண்டியது அவர்கள் அதை எப்படி நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பதை. பழைய மாணவிகள் சங்கம் என்பது வேறென்ன? நாங்கள்தான் அந்த நாற்பது பேர்.

பெண்பிள்ளைகளின் பாடசாலையில் அடி விழுவது குறைவு. இங்கே நடப்பது வேறு. ஒரு திங்கட்கிழமை காலையில் ஒரு பிள்ளையோடு நாலு பேர் கதைக்காமல் விடுவார்கள். காரணம் சொல்லமாட்டார்கள். சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்ததும் பக்கத்தில் இருந்தவள் எழுந்து போவாள். வலைப்பந்தாட்டத்துக்கு அணி பிரிக்கும்போது கடைசியில் ஒருத்தி மிஞ்சுவாள். நிறம், பல், தகப்பனின் தொழில், விடுதிக்கு யாரும் பார்க்க வராதது, இடம்பெயர்ந்து வந்த ஊர், எதிலும் ஒரு பட்டப்பெயர் பிறக்கும். ஆசிரியரிடம் காட்ட ஒரு காயமும் இராது. ஒதுக்கிவைப்பதைப் பிள்ளைகள் தாங்களாகக் கண்டுபிடித்ததாகவும் நான் எண்ணவில்லை. 1930ஐ ஒட்டிய வருடங்களில் எல்லாச் சாதிப் பிள்ளைகளையும் சமமாக வாங்கில் இருத்தவேண்டும் என்று வந்தபோது, குடாநாட்டில் அதற்கு எதிராகப் பள்ளிக்கூடங்களுக்கே நெருப்பு வைத்தவர்கள் பெரியவர்கள்.

இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்றால், விழா மலருக்கு ஒரு பக்கம் திட்டமிடப்பட்டிருந்ததாக மலர்க்குழுவில் இருக்கும் ஒருவர் சொன்னார். 'மறக்க முடியாத பட்டப்பெயர்கள்' என்பது தலைப்பு. வட்ஸ்அப் குழுக்களில் கேட்டிருக்கிறார்கள். சிரிப்புக் குறிகளோடு நூற்றுக்கணக்கில் வந்ததாம். பிறகு வெளிநாட்டில் இருக்கும் ஒருவரிடமிருந்து மலர்க்குழுவுக்குத் தனியாக ஒரு செய்தி வந்திருக்கிறது. அவருக்கு அறுபது வயதுக்கு மேல். "என்ர பெயர் அந்தப் பக்கத்தில வேண்டாம். மற்ற ஆக்கள் சிரிக்கட்டும்" என்று இரண்டே வரி. யார் என்று நான் கேட்கவில்லை, அவர் சொல்லவுமில்லை. பிறகு அந்த மாதிரி இன்னும் மூன்று செய்திகள்.

இரண்டு பக்கத்தையும் சொல்லவேண்டும். பட்டப்பெயரால் இன்றும் மகிழ்ந்து அழைத்துக்கொள்ளும் தோழிகள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறார்கள். அவர்களிடமிருந்து அதைப் பறிக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் எது செல்லப்பெயர், எது வதை என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அழைத்தவருக்கு இல்லை, அழைக்கப்பட்டவருக்கே உண்டு. அச்சில் வந்தால் நூலக அலுமாரியில் இன்னொரு நூறு வருடம் இருக்கும். பேரப்பிள்ளைகள் எடுத்துப் பார்ப்பார்கள். குழு அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டது. சிலருக்கு மனவருத்தம் என்று அறிகிறேன். என்னைக் கேட்டால், இந்த மலரின் நல்ல பக்கங்களில் ஒன்று அச்சேறாத அந்தப் பக்கம்.

ரீச்சர்மாருக்கு ஒரு வேண்டுகோள். துப்பறியும் கதை வாசிக்கும் பிள்ளையைக் கண்டால் புத்தகத்தைப் பறிக்காதீர்கள். கதையில் வரும் பள்ளிக்கூடத்தைப் பற்றி அவளிடம் கேளுங்கள். தன் வகுப்பைப் பற்றிச் சொல்லமாட்டாதவள் கதையின் வகுப்பைப் பற்றிச் சொல்வாள். எந்தப் பாத்திரத்துக்காக அவள் கோபப்படுகிறாள் என்று கவனித்தால் போதும், உங்களுக்குப் பாதி விளங்கிவிடும்.

'மாலிஸ்' நாவலின் என் பிரதியைக் கையோடு கொண்டுவந்திருக்கிறேன். கல்லூரி நூலகத்துக்குத்தான். கடுமையான இடங்கள் உண்டு, ஆகவே உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதா என்பதை நூலகப் பொறுப்பாசிரியை வாசித்துவிட்டு முடிவு செய்யட்டும். ஆனால் கனநாள் யோசிக்கவேண்டாம் ரீச்சர், 'ராட்சசனை' அவர்கள் ஏற்கெனவே பார்த்துவிட்டார்கள்.