வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பது யார்?

(ஆகஸ்ட் மாதக் கூட்டத்தில் நம் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். அன்று வர இயலாதவர்களுக்காக இங்கே வெளியிடுகிறோம்.)

"அமெரிக்கா போய் வந்த அனுபவத்தைச் சொல்லுங்கள் சார்" என்று செயலாளர் கேட்டார். நயாகரா அருவியையும், அங்கே ஒரு கட்டு கொத்தமல்லி என்ன விலை என்பதையும் நீங்கள் ஏற்கெனவே பல பேரிடம் கேட்டிருப்பீர்கள். அதனால் நான் வேறு ஒரு விஷயம் சொல்கிறேன். இந்த வருடம், 2025 ஏப்ரல் முதல் ஜூலை வரை, நியூ ஜெர்சி மாநிலத்தில் மிடில்செக்ஸ் கவுண்டியில் மகள் வீட்டில் இருந்தேன். கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி. நான் இருந்தபோது அங்கே ஒரு தேர்தல் நடந்தது. அது கட்சிகளுக்கு இடையே நடக்கும் தேர்தல் அல்ல. கட்சிக்கு யார் வேட்பாளர் என்று முடிவு செய்யும் தேர்தல். பிரைமரி என்கிறார்கள்.

மே மாதம் ஒரு சனிக்கிழமை. வீட்டில் நான் மட்டும்தான். அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால், என் வயதில் ஒரு அம்மாவும் கல்லூரி மாணவன் ஒருவனும் நிற்கிறார்கள். மாணவன் கையில் இருந்த போனில் அந்தத் தெருவின் வாக்காளர் பட்டியல். மகள் பெயரைச் சொல்லிக் கேட்டார்கள். அவள் அமெரிக்கக் குடியுரிமை வாங்கியபின் வருகிற முதல் பிரைமரி இது. "வெளியே போயிருக்கிறாள். நான் விருந்தாளி, எனக்கு இங்கே ஓட்டு இல்லை" என்றேன். ஓட்டு இல்லாதவனிடம் என்ன வேலை என்று அவர்கள் போய்விடவில்லை. அந்த அம்மா தண்ணீர் கேட்டார். வாசல் படியில் உட்கார்ந்து குடித்துக்கொண்டே என்னிடம் இரண்டு கேள்வி கேட்டார்.

முதல் கேள்வி: "உங்கள் ஊரில் கட்சி வேட்பாளரை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்?" தலைமைக்கு விருப்ப மனு கொடுப்பார்கள், கட்டணம் கட்டுவார்கள், நேர்காணல் நடக்கும், பிறகு பட்டியல் வரும் என்று விளக்கினேன். இரண்டாவது கேள்வி: "உங்கள் வார்டு கவுன்சிலர் தேர்தலில் கடைசியாக யார் யார் நின்றார்கள்?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஏன் என்று உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன். 2022 பிப்ரவரி 19 அன்று காலை நானும் நம் பள்ளிக்கூட வாக்குச்சாவடிக்குப் போனேன். பட்டியலில் என் பெயர் இல்லை. இங்கே குடிவந்து மூன்று வருடம் ஆகியும் முகவரி மாற்ற நான் விண்ணப்பம் கொடுக்கவில்லை. தப்பு முழுக்க என்னுடையது. வீட்டுக்கு வந்து டிவி பார்த்தேன். அந்தத் தேர்தலில் சென்னையில் பதிவான வாக்கு சுமார் 43 சதவீதம்தான். ஓட்டுப் போடாத பாதிக்கு மேற்பட்டவர்களில் நானும் ஒருவன். மழைநீர் வடிகாலுக்காக இந்தக் கூட்டத்தில் அதிகம் சத்தம் போட்டவனும் நான்தான்.

சரி, பிரைமரிக்கு வருகிறேன். ஜூன் 10, செவ்வாய்க்கிழமை. முக்கியமான பதவி ஆளுநர். பெயர்தான் ஆளுநர், வேலை நம் முதலமைச்சர் வேலை. ஜனநாயகக் கட்சியில் ஆறு பேர், குடியரசுக் கட்சியில் ஐந்து பேர் போட்டியிட்டார்கள். சட்டமன்றத்தின் கீழவையில் உள்ள 80 இடங்களுக்கும் அதே நாளில் பிரைமரி. எந்தக் கட்சியில் பதிந்திருக்கிறீர்களோ அந்தக் கட்சியின் வாக்குச்சீட்டு மட்டுமே உங்களுக்குக் கிடைக்கும். எந்தக் கட்சியிலும் சேராதவர்கள் அந்த மாநிலத்தில் இருபது லட்சத்துக்கும் மேல் இருக்கிறார்கள். அவர்கள் வாக்குச்சாவடிக்கு வந்து அங்கேயே ஒரு கட்சியைச் சொல்லி ஓட்டுப் போடலாம்.

கேட்பதற்கு எவ்வளவு நல்ல ஏற்பாடு என்று தோன்றுகிறது, இல்லையா? எனக்கும் தோன்றியது. அந்த அம்மா சிரித்தார். "போன வருடம் வரைக்கும் எங்கள் சீட்டு எப்படி இருந்தது தெரியுமா?" என்று கேட்டார். அந்தக் கதைதான் நான் இன்று சொல்ல வந்தது.

நியூ ஜெர்சியின் 21 கவுண்டிகளில் 19 கவுண்டிகளில் பல பத்தாண்டுகளாக ஒரு வழக்கம் இருந்தது. கவுண்டியின் கட்சி அமைப்பு யாரை ஆதரிக்கிறதோ, அவர்கள் பெயரெல்லாம் வாக்குச்சீட்டில் ஒரே வரிசையில், மேலிருந்து கீழாகவோ இடமிருந்து வலமாகவோ, பளிச்சென்று இருக்கும். மற்றவர்கள் எங்கோ ஓரத்தில், தேடிப் பிடிக்க வேண்டிய இடத்தில் இருப்பார்கள். அந்த ஓரத்துக்கு 'சைபீரியா' என்றே கேலிப் பெயர். கல்யாணப் பந்தியில் முன்வரிசையில் உட்கார வைப்பதற்கும், சமையல்கட்டுப் பக்கம் தூணுக்குப் பின்னால் உட்கார வைப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். இரண்டு பேருக்கும் இலை போடுவார்கள். ஆனால் பாயசம் யாருக்கு முதலில் வரும் என்று உங்களுக்கே தெரியும். இந்த வரிசைக்கு 'கவுண்டி லைன்' என்று பெயர். ரட்கர்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜூலியா சாஸ் ரூபின் பழைய தேர்தல் முடிவுகளை ஆராய்ந்து, வரிசையில் இடம் பெற்றவருக்கு எவ்வளவு பெரிய சாதகம் என்று காட்டியிருக்கிறார்.

ஓட்டு மக்களிடம் இருந்தது. ஆனால் வரிசையில் யார் என்பது முன்பே முடிவாகிவிடும். சில கவுண்டிகளில் கட்சித் தலைவர் ஒருவர் சொன்னால் போதும். சிலவற்றில் கட்சியின் கவுண்டிக் குழு உறுப்பினர்கள் மாநாடு கூட்டி வாக்களிப்பார்கள்.

2023 செப்டம்பரில் ஆண்டி கிம் என்ற காங்கிரஸ் உறுப்பினர், செனட் பதவிக்குப் போட்டியிடுவதாக அறிவித்தார். பிறகு அப்போதைய ஆளுநரின் மனைவி டாமி மர்பி களத்துக்கு வந்தார். பெரிய கவுண்டிகள் பலவற்றின் கட்சித் தலைவர்கள் உடனே அவர் பக்கம் நின்றார்கள். அத்துடன் முடிந்தது என்றுதான் பலரும் நினைத்தார்கள். 2024 பிப்ரவரியில் மான்மவுத் கவுண்டி மாநாட்டில் ரகசிய வாக்கெடுப்பு நடந்தது. கிம் வென்றார். தலைவர் கையைத் தூக்கிச் சொல்லும் இடத்தில் ஒரு முடிவு, சாதாரண உறுப்பினர் தனியாகச் சீட்டில் எழுதும் இடத்தில் வேறு முடிவு. அந்த மாதக் கடைசியில் கிம்மும் வேறு இரண்டு வேட்பாளர்களும் சேர்ந்து, இந்த வரிசை முறையே தவறு என்று நீதிமன்றம் போனார்கள். மார்ச் 24 அன்று டாமி மர்பி விலகினார். மார்ச் 29 அன்று கூட்டாட்சி நீதிபதி ஜாஹித் குரைஷி, அந்த ஜூன் மாத ஜனநாயகக் கட்சிப் பிரைமரியில் கவுண்டி லைன் கூடாது என்று இடைக்கால உத்தரவு போட்டார். எந்தப் பதவிக்கு யார் நிற்கிறார்களோ, அவர்கள் பெயரெல்லாம் ஒரே கட்டத்தில் வர வேண்டும். நமக்கு இது சாதாரணமாகத் தோன்றும். நம் வாக்குச்சீட்டு என்றைக்கும் அப்படித்தானே இருக்கிறது? அவர்களுக்கு அது பெரிய மாற்றம். கிம் பிரைமரியில் ஜெயித்து, நவம்பரில் செனட்டரும் ஆனார். 2025 தொடக்கத்தில் புதிய வாக்குச்சீட்டு முறை சட்டமாகவே வந்துவிட்டது.

வரிசை போனதும் என்ன நடந்தது? வேட்பாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். ஆறு பேரும் ஒரே கட்டத்தில் இருந்தால், ஒருவர் பெயரை வாக்காளர் ஞாபகம் வைத்திருக்க வேண்டுமே! வீடு வீடாகப் போவது, தபாலில் அட்டை, புல்தரையில் பெயர்ப் பலகை, கோயில் வாசலில், நூலகத்தில், பூங்காவில் சந்திப்பு. கடைசியில் ஜனநாயகக் கட்சியில் மைக்கி ஷெரில் சுமார் 34 சதவீத வாக்கில் வென்றார். மற்ற ஐந்து பேரும் மீதியைப் பிரித்துக்கொண்டார்கள்.

கூட்டங்களில் ஒன்றுக்கு மகளோடு நானும் போனேன். பொது நூலகத்தில் ஒரு சிறிய அரங்கம். பெண் வாக்காளர் கழகம் என்ற அமைப்பு, 1920இல் தொடங்கியது, நாடு முழுவதும் இப்படி வேட்பாளர் கூட்டங்களை நடத்துகிறது. அது எந்தக் கட்சியையும் வேட்பாளரையும் ஆதரிப்பதில்லை. வேட்பாளர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். நாங்கள் துண்டுச் சீட்டில் கேள்வி எழுதிக் கொடுத்தோம். எல்லாருக்கும் அதே கேள்வி, அதே நேரம். நேரம் முடிந்தால் முன்வரிசையில் ஒருவர் அட்டையைத் தூக்கிக் காட்டுவார். மாலை இல்லை, பொன்னாடை இல்லை, கோஷம் இல்லை. வந்திருந்தவர்கள் நாற்பது பேர்கூட இருக்க மாட்டார்கள். "இவ்வளவுதானா?" என்று மகளிடம் கேட்டேன். "இந்த நாற்பது பேர் பத்துப் பத்துப் பேரிடம் சொல்வார்கள் அப்பா" என்றாள்.

கதவைத் தட்டிய அந்த அம்மாவும் வந்திருந்தார். அவர் கட்சியின் கவுண்டிக் குழு உறுப்பினர் என்று அன்றுதான் தெரிந்தது. அந்தப் பதவிக்கும் பிரைமரியிலேயே தேர்தல் உண்டு. எப்படி ஆனீர்கள் என்று கேட்டேன். "எங்கள் பகுதியில் அந்த இடம் காலியாகவே கிடந்தது. யாரும் மனு போடவில்லை. நான் போட்டேன்" என்றார். அவ்வளவுதான்.

அந்தக் காலி இடம் என்னை விமானத்திலும் விடவில்லை. நம்மிடம் பிரைமரி கிடையாது. வேட்பாளரை நாம் தேர்ந்தெடுக்க முடியாது, அது உண்மை. ஆனால் நமக்கென்று இருக்கும் இடங்களிலாவது நாம் உட்கார்ந்திருக்கிறோமா? 2022 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டு நகரங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் தொடங்கின. கவுன்சிலர் தலைமையில், நம் தெருவின் தேவையை நாமே சொல்ல வேண்டிய இடம். உங்களில் எத்தனை பேர் போயிருக்கிறீர்கள்? கை தூக்க வேண்டாம். நானும் போனதில்லை.

2026இல் சட்டமன்றத் தேர்தல் வருகிறது. அதற்கு முன் மூன்று வேலைகளை நம் சங்கம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்று, பெயர். இன்றைக்கே உங்கள் வீட்டில் எல்லாருடைய பெயரும் வாக்காளர் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். புதிதாகச் சேர்க்க படிவம் 6, முகவரி மாற்ற படிவம் 8. 17 வயது முடிந்த பிள்ளைகள் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். சந்தேகம் இருந்தால் 1950 என்ற எண்ணில் கேளுங்கள். வாடகைக்கு வந்த குடும்பங்களையும் கேளுங்கள். விட்டுப்போவது பெரும்பாலும் அவர்கள் பெயர்தான். ஒரு தெருவுக்கு இரண்டு பேர் முன்வந்தால், ஒரே மாதத்தில் இந்த வேலை முடியும். எங்கள் தெருவுக்கு நான் ஒருவன்.

இரண்டு, பகுதி சபை. அடுத்த கூட்டத்துக்கு நம்மில் குறைந்தது பத்துப் பேர் போக வேண்டும்.

மூன்றாவதில்தான் உங்களில் சிலருக்கு வருத்தம் இருக்கலாம். தொகுதியின் முக்கிய வேட்பாளர்கள் அனைவரையும் ஒரே மாலையில், ஒரே மேடைக்கு அழைப்போம். தேர்தல் நடத்தும் அலுவலரிடம் முறையாக அனுமதி வாங்கி, எல்லாருக்கும் ஒரே கேள்விகள், ஒரே நேரம். "சங்கத்தில் அரசியல் வேண்டாம்" என்பீர்கள். 2021இல் என்ன நடந்தது என்று எனக்கும் நினைவிருக்கிறது. சிலர் ஒரே ஒரு வேட்பாளரை அழைத்துப் பொன்னாடை போர்த்தினோம். நானும் அதில் இருந்தேன். அதன் பிறகு இரண்டு குடும்பங்கள் நம் கூட்டத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டன. நாம் அன்று செய்ததும் ஒரு கவுண்டி லைன்தான். ஒருவரை முன்வரிசையில் உட்கார வைத்தோம், மற்றவர்களைத் தூணுக்குப் பின்னால் தள்ளினோம். எல்லாரையும் அழைப்பது, அல்லது யாரையும் அழைக்காமல் இருப்பது, இரண்டில் ஒன்றுதான் நியாயம். எல்லாரையும் அழைப்போம் என்பது என் வேண்டுகோள். யாராவது ஒருவர் வரவில்லை என்றால் அவர் நாற்காலி மேடையில் காலியாக இருக்கட்டும், அதையும் மக்கள் பார்க்கட்டும்.

அந்த இரண்டு குடும்பங்களையும் நேரில் போய் அழைக்கும் பொறுப்பை நானே எடுத்துக்கொள்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை ஒரு வீட்டுக்குப் போனேன். காபி கொடுத்தார்கள். வருகிறேன் என்று சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. அடுத்த மாதம் மறுபடி போவேன்.

வெளியே போகும்போது வாசலில் உள்ள நோட்டில் உங்கள் தெருவுக்கான பெயரை எழுதிவிட்டுப் போங்கள்.