பார்க்கத் தகுந்தது எது?

(சங்கரன்கோவில் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நமக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் விஷயம் "ஊர்களில் பார்க்கத் தகுந்த இடங்கள்" என்பதாகும். கோயிலைக் கண்டாலே ஆகாத கூட்டத்தாருக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். நமக்குத்தான் இதில் அதிக வேலை இருக்கின்றது என்று சொல்லுவோம். ஏனென்றால் கோயிலில் கண்ணை மூடிக்கொண்டு நிற்பவர் பக்தர். கண்ணைத் திறந்து பார்க்கச் சொல்லுகின்றவர்கள் நாம்.

வெளியூர்க்காரர் ஒருவர் சங்கரன்கோவிலுக்கு வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். என்ன பார்க்கின்றார்? ஒன்பது நிலைகளும் 125 அடி உயரமும் உள்ள இராஜகோபுரத்தைப் பார்க்கின்றார். சங்கரலிங்கம், சங்கரநாராயணர், கோமதியம்மன் என்ற மூன்று சந்நிதிகளையும் நாகசுனையையும் பார்க்கின்றார். ஆடி மாதமானால் தபசுக் காட்சியையும், கரிசல் காட்டுக் குடியானவன் பாடுபட்டு விளைவித்த பருத்தியையும் வற்றலையும் சூறைவிடுவதையும் பார்க்கின்றார். உக்கிர பாண்டியன் கட்டிய கோயில் என்று கதை கேட்கின்றார். புற்றுமண்ணைப் பொட்டலம் கட்டிக்கொண்டு வீடு திரும்புகின்றார். ஆனால் கல் சுமந்தவன் யார், கல் வெட்டியவன் யார், வேலை முடிந்த பிறகு அவர்களில் எத்தனை பேருக்கு உள்ளே வர உரிமை இருந்தது என்ற மூன்று கேள்விகளுக்கு மாத்திரம் ஸ்தல புராணத்தில் பதில் கிடையாது.

புராணம் என்ன சொல்லுகின்றது? சங்கன், பதுமன் என்று இரண்டு நாகராஜாக்கள். சிவன் பெரியவரா, விஷ்ணு பெரியவரா என்று அவர்களுக்குள் சண்டை. அம்மன் தபசு செய்ய, பாதி சிவன் பாதி விஷ்ணுவாக ஒரே உருவம் காட்சி கொடுத்ததாம். நல்லது. இரண்டு கடவுள்களை ஒரே உடம்பில் சேர்த்து வைத்தவர்களுக்கு, இரண்டு ஜாதி மனிதர்களை ஒரே வாசலில் சேர்த்து விட ஏன் முடியவில்லை என்று கேட்கின்றோம்.

இது நமது கற்பனையா? 1897-இல் கமுதி கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்ததற்காக வழக்கு நடந்தது. அது இலண்டன் பிரிவி கௌன்சில் வரை போய், அவர்களுக்கு நுழைய உரிமை இல்லை என்று 1908-இல் தீர்ப்பாயிற்று. 1899-இல் பக்கத்துச் சிவகாசியில் இதே கோயில் நுழைவுத் தகராறு கலகமாகி வீடுகள் எரிந்தன, உயிர்கள் மாண்டன. ஆதிதிராவிடர்களின் நிலையைச் சொல்லவே வேண்டாம். பல கோயில்களின் தெருவே அவர்களுக்கு மூடியிருந்தது. 1939 ஜூலை 8-ந்தேதிதான் மதுரை மீனாட்சி கோயில் திறந்தது. சென்னை மாகாணம் முழுமைக்குமான ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது 1947-இல். சிவனும் விஷ்ணுவும் ஒன்றாகிய பிறகும் மனிதர்கள் ஒன்றாக உள்ளே போக ஒரு சர்க்கார் சட்டம் வேண்டியிருந்தது!

நிற்க, "அதெல்லாம் பழைய சங்கதி, இப்போது கிளறுவானேன்?" என்று கேட்பவர்கள் இருக்கின்றார்கள். அவர்களுக்காக ஜெர்மனி தேசத்தைச் சற்றுக் காட்டுகின்றோம். பெரியார் அவர்களும் 1932-இல் தமது ஐரோப்பியப் பிரயாணத்தில் அந்நாட்டைப் பார்த்து வந்தவராவார்.

அங்கே கொலோன் நகரத்தில் ஒரு மாதாகோயில் உண்டு. 1248-இல் தொடங்கி, நடுவில் முந்நூறு வருஷம் போல அரைகுறையாக நின்று, 1880-இல் முடிந்தது. உயரம் 157 மீட்டர். அதாவது நம் ஊர்க் கோபுரத்தைப் போல் நான்கு மடங்கு. அவ்வளவு பெரிய கட்டடம் எதற்கு? ஏசு பிறந்தபோது பார்க்கப் போன மூன்று ராஜாக்களின் எலும்பு என்று சொல்லி 1164-இல் இத்தாலியிலிருந்து கொண்டுவந்ததை வைப்பதற்கு! எலும்பைக் கும்பிட ஜனங்கள் வந்தார்கள், காசும் வந்தது. ஆகவே வெள்ளைக்காரனுக்கு மூடநம்பிக்கை இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். அங்கே எலும்பு, இங்கே புற்றுமண். புற்றுமண்ணால் சொறி சிரங்கு போகுமானால் இந்த ஊரில் சர்க்கார் ஆஸ்பத்திரி எதற்கு?

ஆனால் அந்நாட்டாரிடம் நாம் கற்க வேண்டிய வேறொன்று இருக்கின்றது. விட்டன்பெர்க் என்ற ஊரில் மார்ட்டின் லூதர் பிரசங்கம் செய்த கோயிலின் வெளிச்சுவரில், யூதர்களைப் பன்றியோடு சேர்த்து இழிவு செய்யும் 13-ஆம் நூற்றாண்டுச் சிற்பம் ஒன்று உண்டு. 1988-இல் அதன் கீழே, இந்த இழிவின் முடிவு யூதர் படுகொலை என்பதை நினைவூட்டும் கல்லைப் பதித்தார்கள். சிற்பத்தையே அகற்ற வேண்டும் என்று வழக்கு நடந்தது. கீழே நினைவுக்கல்லும் விளக்கப் பலகையும் இருப்பதால் அது இருக்கலாம் என்று 2022-இல் மேல்கோர்ட்டு சொல்லிற்று. பெர்லினில் 1933 மே 10-ந்தேதி புத்தகங்களைக் கொளுத்திய மைதானத்தில், தரைக்கடியில் கண்ணாடி வழியாகத் தெரியும்படி, புத்தகமே இல்லாத வெறும் அலமாரிகளை 1995 முதல் வைத்திருக்கின்றார்கள். கொல்லப்பட்ட யூதர்களுக்காக அதே தலைநகரின் நடுமத்தியில் 2005-இல் 2,711 கற்றூண்களை நிறுத்தினார்கள். நூரென்பெர்க்கில் ஹிட்லர் கூட்டம் கூட்டிய இடத்திலேயே, அந்தக் கொடுமை எப்படி வளர்ந்தது என்று காட்டும் காட்சிசாலை 2001-இல் திறக்கப்பட்டது.

ஜெர்மானியர் பிறவியிலேயே யோக்கியர்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. ஏறக்குறைய 60 லட்சம் யூதர்களைக் கொன்ற ஆட்சி அங்கேதான் இருந்தது. 1933-இல் தொடங்கிய டாக்காவ் சிறைமுகாம் நினைவிடமானது 1965-இல்தான். அதுவும் உயிர் தப்பியவர்கள் விடாமல் கேட்டதனால். இழிவு செய்யப்பட்டவன் கேட்காமல் எந்த நாட்டிலும் யாரும் பலகை எழுதி வைத்ததில்லை.

நமது நாட்டில் உண்மைக்குப் பதிலாக ஜோதியை வைத்திருக்கின்றார்கள். நந்தன் என்னவானான்? தில்லையில் ஜோதியில் கலந்தான் என்கின்றார்கள். நெற்கட்டும்செவல் புலித்தேவர் 1755 முதல் நவாபையும் கும்பினியாரையும் எதிர்த்து நின்றவர். 1761-இல் அவர் கோட்டை விழுந்தது. அவர் என்னவானார்? இந்தச் சங்கரன்கோவிலுக்குள் வந்து ஜோதியாய் மறைந்தார் என்று கதை. தோழர்களே! ஜோதியில் கலந்தார் என்றால், இனி யாரும் விசாரிக்க வேண்டாம் என்று அர்த்தம்.

நம்மால் ஆகாத காரியமா இது? இல்லை. வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்கும் உரிமைக்காக 1924-இல் போராட்டம் நடந்தது. பெரியார் இருமுறை சிறை சென்றார். அவ்வூரில் அவருக்கு நினைவகம் இருக்கின்றது. 2024 டிசம்பரில் அதைப் புதுப்பித்துத் திறந்தார்கள். அங்கே போகின்ற பையன், ஒரு காலத்தில் நாய் நடந்த தெருவில் மனிதன் நடக்கக்கூடாது என்றிருந்ததை அறிந்துகொள்கின்றான்.

ஆகவே நாம் கேட்பது சொற்பம். கோபுரத்தை இடிக்கச் சொல்லவில்லை. கல்தச்சன் கைத்திறமையை நாமும் மெச்சுகின்றோம்; அது நம்மவன் கைத்திறமை. கோயில் வாசலில் தமிழில் ஒரு பலகை வையுங்கள். இன்னின்ன ஜாதியார் இன்ன வருஷம் வரை இப்படிப்பட்ட கோயில்களுக்குள் விடப்படவில்லை. இன்ன சட்டத்தால் வந்தார்கள் என்று எழுதுங்கள். பாரம்பரிய அர்ச்சகர் உரிமையை ஒழிக்க 1971-இல் சட்டம் வந்தும், பயிற்சி பெற்ற பல ஜாதியாருக்கு ஒருசேர நியமனம் கிடைக்க 2021 ஆகஸ்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். எல்லாம் பொய்யில்லாத சங்கதிகள். எழுத வெட்கமாயிருக்கின்றது என்றால், செய்ததற்கும் வெட்கப்பட வேண்டியதுதானே?

பலகை வரும்வரை வாலிபர்களுக்கு ஒரு வேலை சொல்லுகின்றோம். உங்கள் வீட்டு, பக்கத்து வீட்டுக் கிழவர் கிழவிகளிடம் போய் உட்காருங்கள். எந்தத் தெருவில் செருப்பைக் கையில் எடுக்கச் சொன்னார்கள், எந்தக் கிணற்றில் தண்ணீர் மறுத்தார்கள், எந்த வாசலோடு நிறுத்தினார்கள் என்று கேட்டு, தேதியோடு எழுதி வையுங்கள். அவர்கள் போய்விட்டால் அதைச் சொல்ல ஆளிருக்காது. கோபுரமோ வாய் திறவாது. பிறகு வெளியூர்க்காரர் வந்து பார்க்கத் தகுந்தது என்ன என்று கேட்டால், கோபுரத்தையும் காட்டுங்கள். அந்த நோட்டுப் புத்தகத்தையும் காட்டுங்கள்.