மாலையில் பாடும் மரச் சுவர்க்கோழி
(திருமலைராயன்பட்டினம் விவசாயிகள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



விளக்கேற்றும் நேரத்தில் வரப்பில் நின்றால் பலவிதப் பூச்சிகளின் ஓசை கேட்கிறது. எல்லாவற்றையும் சில்வண்டு என்று சொல்லிவிடுகிறோம். பகலில் மரக்கிளையிலிருந்து இரைவதுதான் சில்வண்டு. ஈரமண்ணுக்குள்ளிருந்து 'கிர்ர்' என்று வருவது பிள்ளைப்பூச்சி. நாற்றின் வேரைக் கடிப்பது இதுவே. வேலிச் செடியின் இலை மறைவிலிருந்து மணியோசை போல் இனிமையாக வருகிறதே, அது மரச் சுவர்க்கோழி.

டார்ச் அடித்துப் பாருங்கள். வெளிர்பச்சை நிறம், ஒல்லியான உடல், உடலினும் நீண்ட மீசை. பாடுவது ஆண் மட்டுமே. முன்னிறக்கைகளை நிமிர்த்தி ஒன்றோடொன்று தேய்க்கும். குரல் சன்னமான ஆண், இலையில் ஓட்டை போட்டு அதில் தலையை நுழைத்துக் கொண்டு பாடி ஓசையைப் பெருக்கிக் கொள்கிறது! பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தார் 2020-ல் இதை வெளியிட்டார்கள். ஆகவே வேலி இலையில் ஓர் ஓட்டையைக் கண்டதும் மருந்தைத் தேடி ஓட வேண்டாம். பெண் பூச்சி தண்டைத் துளைத்து முட்டையிடும் என்பது உண்மை. ஆனால் அசுவினியையும் தின்கிறது.

குளிர்ந்தால் பாட்டு மெதுவாகும். அமெரிக்காவில் டால்பேர் என்பவர் 1897-லேயே இந்த ஓசையை எண்ணி வெப்பநிலையைக் கணக்கிட வழி சொன்னார். ஆதலால் மழை விட்ட மாலையில் ஓசை தளர்ந்தால் பூச்சி குறைந்துவிட்டதாக எண்ணாதீர்கள். காற்றில்லாத, வெதுவெதுப்பான மாலையிலும் வரப்பு ஊமையாக இருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

பணியில் சேர்ந்த புதிதில் ஒரு சம்பா வயலில் சுருண்ட இலைகளைக் கண்டு, எண்ணிப் பார்க்காமலே பைரித்ராய்டு மருந்து தெளிக்கச் சொன்னேன். சில வாரங்களில் தூரடியில் புகையான் பெருகி ஒரு மூலை காய்ந்தது. அந்த விவசாயி என்னைக் கடிந்து கொள்ளவில்லை. "மருந்தடிச்சதுலேருந்து சாயந்திரம் சத்தமே இல்லை சார்" என்று மட்டும் சொன்னார்.

நெல்லுக்குள் வேறொரு சிறிய கருப்புச் சுவர்க்கோழி உண்டு. குஞ்சுகள் வெளிர் நிறம், பழுப்புக் கோடுகள். இலைச்சுருட்டுப்புழு, குருத்துப்பூச்சி ஆகியவற்றின் முட்டைகளையும், புகையான் குஞ்சுகளையும் தின்னும். இதைக் காதால் கணக்கெடுக்க முடியாது. தூரைத் தட்டினால் அடுத்த தூருக்குத் தாவும். இலைச்சுருட்டுப்புழுவின் சேதம் வளர்ச்சிப் பருவத்தில் 10 சதவீத இலைகளையும், பூக்கும் பருவத்தில் கண்ணாடி இலைகளில் 5 சதவீதத்தையும் எட்டும் வரை மருந்துக்கு அவசரமில்லை.

நாளை மாலை ஆறரை மணிக்கு டார்ச்சோடு வாருங்கள். வாய்க்கால் வரப்பில் சேர்ந்தே நடந்து பார்ப்போம்.