முல்லைத்தீவின் குடிசனக் கணக்கும் நமது கடமையும்



முல்லைத்தீவு மாவட்டத்தின் குடிசனத்தையும் பரிபாலனத்தையும் பற்றிச் சில சொற்கள் கூற விழைகின்றோம். தலைகளை எண்ணுவது எழுதுவினைஞரின் தொழில் என்று நாம் வாளாவிருத்தல் தகாது. பாடசாலைக்கு ஆசிரியரும், கிராமத்துக்கு வைத்தியரும், ஏழைக்கு வீடும் கணக்கைப் பார்த்தே வழங்கப்படுகின்றன. கணக்கில் இல்லாதவன் உரிமையிலும் இல்லாதவனாகின்றான்.

1978 ஆம் ஆண்டில் வவுனியா முதலிய அயல் மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்து அமைக்கப்பட்டது இம்மாவட்டம். கரைதுறைப்பற்று, புதுக்குடியிருப்பு, ஒட்டுசுட்டான், துணுக்காய், மாந்தை கிழக்கு, வெலிஓயா என ஆறு பிரதேச செயலகப் பிரிவுகளை உடையது. பரப்பு 2,617 சதுர கிலோமீற்றர். மக்களோ 2012 ஆம் ஆண்டுக் கணிப்பின்படி 92,238 பேர். இலங்கையிலேயே மிகக் குறைந்த தொகை. துணுக்காய் உழவர் கச்சேரிக்குப் போக வேண்டுமாயின், மாங்குளத்திலிருந்து மட்டும் ஏறத்தாழ 50 கிலோமீற்றர் கடக்க வேண்டும். நிலம் பெரிது, குடி சிறிது. ஆகவே ஒவ்வொரு பெயரும் விலைமதிப்புடையது.

ஆயினும் 1981 ஆம் ஆண்டுக்குப் பின்னர் 2012 வரை, 31 ஆண்டுகள், இங்கு முழுமையான குடிசன மதிப்பு நடைபெறவில்லை. 2001 ஆம் ஆண்டுக் கணிப்பு 18 மாவட்டங்களிலேயே முற்றுப்பெற்றது. அந்த இருண்ட காலத்தில் மக்களைப் பற்றிய அரச சான்றாக எஞ்சியவை கிராம அலுவலரின் பதிவேடும் கச்சேரியின் கணக்குமே.

அக்கணக்கின் பெறுமதியை 2011 ஜனவரியில் உலகம் அறிந்தது. அன்றைய மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை, நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் கச்சேரிப் புள்ளிவிபரங்களை வைத்தார். 2008 ஒக்டோபரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் இருந்தோர் 429,059; அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தோர் 282,380. எஞ்சிய 146,679 பேருக்கு என்ன நேர்ந்தது என்று அவர் வினவினார்.

இத்தொகை முழுவதும் மாண்டோர் தொகை என்று நாம் தீர்ப்புக் கூறவில்லை. ஆனால் கணக்கு அரசாங்கத்தின் சொந்தக் கணக்கு. ஆதலின் விடை கூறும் பொறுப்பும் அரசாங்கத்தினுடையதே. கடமையின்போது அரச உத்தியோகத்தர் எழுதும் பதிவு நீதிமன்றில் ஏற்கத்தக்க சான்று எனச் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 35 ஆம் பிரிவு கூறுகின்றது. அச்சான்று இல்லாதிருந்தால் அவ்வினாவை எழுப்பவே இயன்றிராது.

உயிரோடிருப்போர்க்கும் இதுவே நியாயம். முத்தையன்கட்டு, வவுனிக்குளம் ஆகிய குளங்களின் கீழ் வயல் செய்வோர் பலர் இடப்பெயர்வில் காணி உத்தரவுப் பத்திரங்களை இழந்தனர். தாம் அங்கு வாழ்ந்ததை நிறுவ அவர்களுக்குப் பழைய பதிவுகளே துணை.

ஆகவே, உழவர் பெருமக்களே, பிறப்பையும் இறப்பையும் காலந்தாழ்த்தாது பதியுங்கள். ஆண்டுதோறும் வாக்காளர் இடாப்பில் உங்கள் பெயரைப் பாருங்கள். உத்தரவுப் பத்திரத்துக்குப் பின்னுரித்தாளரை நியமியுங்கள். காணாமற்போனவர் பெயரை ஒருபோதும் குடும்பக் கணக்கிலிருந்து மறைய விடாதீர்கள். கற்றோரே, மாதத்தில் ஒரு நாளேனும் கிராமத்துக்குச் சென்று, விண்ணப்பம் எழுதத் தெரியாதவர்க்கு எழுதிக் கொடுங்கள், ஊதியம் கேளாதீர்கள். பெயரைப் பதிவு செய்வது சிறு வேலை போலத் தோன்றும். அதனைச் செய்யாத சமூகம், தான் வாழ்ந்த மண்ணிலேயே தான் வாழ்ந்ததற்குச் சாட்சி தேடி அலையும்.