செல்லப்பாவும் நம் இல்லமும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

   

தலைப்பைச் செயலாளர் அறிவித்தபோது முன்வரிசையில் சில புருவங்கள் நெரிந்ததைக் கண்டோம். ஆண்டுதோறும் இம்மேடையில் குறளும் சிலம்பும் முழங்குகின்றன, இனியும் முழங்கட்டும். இன்று மட்டும் ஒரு நகைச்சுவைத் திரைப்படத்தைப் பற்றிப் பேச இசைவு தருமாறு வேண்டுகிறோம். 1964 பிப்ரவரி 27இல் வெளிவந்த 'காதலிக்க நேரமில்லை' என்பதே அப்படம். அதைப் பற்றிப் பேச எமக்கு ஒரு காரணம் உண்டு. அதைப் பின்னர் சொல்லுவோம்.

பிழைப்பைத் தேடிப் பெங்களூருக்கு வந்த குடும்பங்கள் நம்முடையவை. தண்டு எனப்படும் கன்டோன்மெண்ட் பகுதிக்குப் படையோடும் வணிகத்தோடும் வந்தவர்கள் ஒரு சாரார்; 1940இல் விமானத் தொழிற்சாலையும் 1948இல் தொலைபேசித் தொழிற்சாலையும் தோன்றிய பின் சங்கொலி கேட்டு எழுந்து சங்கொலி கேட்டு உறங்கிய தொழிலாளர் மற்றொரு சாரார். நாம் இரண்டாம் சாராரின் பிள்ளை. காலனி மைதானத்தில் இரு கம்பங்களுக்கு இடையே வெண்திரை கட்டிப் படம் காட்டுவார்கள். தரையில் அமர்ந்தவர்களுக்கு நேராகவும், இடம் கிடைக்காமல் திரைக்குப் பின்னே அமர்ந்தவர்களுக்கு இடவலம் மாறியும் படம் தெரியும். அப்படிப் பின்புறம் அமர்ந்துதான் நாம் முதன்முதலில் நாகேஷைக் கண்டோம். பெயர் எழுத்துகள் தலைகீழாய் ஓடின. சிரிப்பு மட்டும் நேராகவே வந்தது.

ஸ்ரீதர் அதுவரை பெரிதும் அழவைத்தவர். 'கல்யாணப் பரிசு' 1959இல். 'நெஞ்சில் ஓர் ஆலயம்' 1962இல். இரண்டையும் பார்த்துவிட்டு நம் தாய்மார் கைக்குட்டை பிழிந்த கதையை இன்றும் சொல்லுவார்கள். அத்தகையவர், நண்பர் கோபுவுடன் சேர்ந்து முழுநீள நகைச்சுவை ஒன்றை எழுதி, அதை ஈஸ்ட்மென் வண்ணத்தில் எடுத்தார். சமூகக் கதைகளுக்கு வண்ணம் அரிதாயிருந்த காலம் அது. ரவிச்சந்திரனும் காஞ்சனாவும் அதில்தான் அறிமுகமானார்கள். வின்சென்ட் ஒளிப்பதிவு செய்தார். விசுவநாதன்-ராமமூர்த்தி இசை அமைத்தார்கள்.

கதை உங்களுக்குத் தெரியும், சுருங்கச் சொல்லுவோம். விசுவநாதன் என்னும் எஸ்டேட் முதலாளிக்கு இரு பெண்கள், ஒரு பையன். பெண்களுக்குச் செல்வர் வீட்டு மாப்பிள்ளை வேண்டும் என்பது அவர் விரதம். வேலை இழந்த அசோகன் அவர்களுள் ஒருத்தியை விரும்புகிறான். பணக்காரத் தந்தை ஒருவர் தனக்கு இருப்பதாகச் சொல்லிவிட்டு, நண்பன் வாசுவுக்கு முதியவர் வேடமிட்டு அழைத்து வருகிறான். வாசுவின் காதலியோ அவ்வீட்டின் மற்றொரு மகள்! மகன் செல்லப்பாவுக்குத் திரைப்படம் எடுக்கும் வேட்கை. 'ஓஹோ புரொடக்ஷன்ஸ்' என நிறுவனத்துக்குப் பெயர் வைத்தாயிற்று. மேலாளர் மகளைக் கதாநாயகி ஆக்கியாயிற்று. இல்லாதது முதல் ஒன்றே.

இப்பையனை வைத்துத் திரையுலகம் தன்னைத் தானே கேலி செய்துகொண்டது. அக்கேலி அக்காலத்து நடப்பு அறிந்தவர் செய்த கேலி. படம் எடுப்பதென்பது கதையில் தொடங்குவதன்று. பெயரில் தொடங்கும், பூசையில் தொடங்கும், நட்சத்திரத்தின் தேதியில் தொடங்கும். வட்டிக்குப் பணம் தருபவர் ஒருபுறம், வட்டாரம் வட்டாரமாகப் படத்தை வாங்கும் விநியோகஸ்தர் மறுபுறம். இருவருக்கும் இடையே கதை என்பது கடைசியாய் வந்து கதவைத் தட்டும் விருந்தாளி. அதே 1964ஆம் ஆண்டு டிசம்பரில் ஏ.வி.எம். வெளியிட்ட 'சர்வர் சுந்தரம்' படத்திலும் நாகேஷ்தான் நாயகன். உணவகப் பணியாளன் ஒருவன் நடிகனாகும் கதை. பாட்டுப் பதிவு எப்படி நடக்கிறது என்பதை அதில் எம்.எஸ். விசுவநாதனே தோன்றிக் காட்டினார். ஒரே ஆண்டில் இருமுறை தமிழ்த் திரை தன் அடுக்களைக் கதவைத் திறந்து வைத்தது!

செல்லப்பா தந்தையிடம் தன் படத்தின் கதையைச் சொல்லும் காட்சிக்கு வருவோம். அங்கே ஒப்பனை மண்டபமும் இல்லை, பேயுருவமும் இல்லை. ஒரு வீட்டுக் கூடம், இரண்டு நடிகர்கள், அவ்வளவே. நாகேஷ் வாயாலேயே கதவைத் திறக்கிறார். வாயாலேயே காலடி வைக்கிறார். எதிரே பாலையா. 1936இல் 'சதி லீலாவதி'யில் தொடங்கி எத்தனையோ பேரை மிரட்டிய வில்லன் நடிகர், இங்கே மிரளுகிறார். விழி பிதுங்குகிறது, உடல் ஒடுங்குகிறது. கதை சொல்லுபவரைவிடக் கேட்பவரைப் பார்த்தே நாம் சிரிக்கிறோம். தாராபுரத்துக் கன்னடக் குடும்பத்தில் பிறந்தவர் நாகேஷ் என்பதை இங்கே குறிப்பிடாமல் செல்ல மனம் வரவில்லை. வீட்டில் கன்னடம் பேசியவர் தமிழரைச் சிரிக்க வைத்தார். கடன் திரும்பியதுபோல, இதே கதை 1979இல் 'ப்ரீத்தி மாடு தமாஷே நோடு' எனக் கன்னடத்தில் வந்தது. ஸ்ரீதரின் குடும்பத்தவரான சி.வி. ராஜேந்திரனே இயக்கினார். இந்தியில் 1966இல் 'ப்யார் கியே ஜா' என ஸ்ரீதரே எடுத்தார். அங்கே செல்லப்பாவின் இடத்தில் மெஹ்மூத். கதை சொல்லும் அக்காட்சியைக் குறித்து எங்கள் பக்கத்து வீட்டுக் கன்னட நண்பருக்கும் எமக்கும் எது சிறந்தது என்று இருபது ஆண்டு வழக்கு நடக்கிறது. தீர்ப்பு இன்னும் வரவில்லை.

இனி, காரணத்துக்கு வருவோம்.

நமக்கு ஒரே மகன். பொறியியல் படித்தான், மென்பொருள் நிறுவனமொன்றில் நல்ல ஊதியம். 2017இல் ஒருநாள், மின்சாரம் போன மாலை நேரம். மெழுகுவர்த்தி ஏற்றி உட்கார்ந்திருந்தோம். "அப்பா, ஒரு கதை சொல்லட்டுமா?" என்றான். சொன்னான். தொழிற்சாலை மூடப்பட்ட பிறகும் நாள்தோறும் வாயிலுக்குச் சென்று அமரும் ஒரு முதியவரின் கதை. முக்கால் மணி நேரம் நாம் அசையவில்லை என்று வீட்டில் உள்ளவர்கள் பிறகு சொன்னார்கள். "எப்படி இருக்கிறது, அப்பா?" என்று கேட்டான். நாம் என்ன சொன்னோம் தெரியுமா? "இதற்கு யாரப்பா பணம் போடுவார்கள்?"

வேலையை விட்டுவிட்டுச் சென்னைக்குப் போய் உதவி இயக்குநராகச் சேரப் போவதாக அவன் சொன்னது அதற்குப் பின்னரே. நாம் சினந்தோம். பெண் பார்த்துக்கொண்டிருந்த நேரம். பெண் வீட்டாருக்கு என்ன பதில் சொல்லுவது என்றோம். காலனியில் நால்வரை அழைத்து அறிவுரை சொல்ல வைத்தோம். அந்நால்வரில் இருவர் இதோ இங்கே அமர்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவன் ஒன்றும் பேசவில்லை. மறுவாரம் புறப்பட்டுவிட்டான்.

அவன் போன பின் ஓர் இரவு தொலைக்காட்சியில் அப்படம் ஓடியது. வழக்கம்போல் சிரிக்கத் தொடங்கினோம். பாலையாவின் முகம் பெரிதாக வந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. விசுவநாதன் கதையைக் கேட்டு நடுங்கினார், பணம் தரவில்லை. ஆனால் பொய்யான செல்வத் தந்தை ஒருவர் ஒட்டுத்தாடியுடன் வந்ததும் விழுந்து விழுந்து உபசரித்தார். மகன் எடுக்க விரும்பிய நாடகத்துக்குச் சல்லிக்காசு தராதவர், தம் கூடத்திலேயே அரங்கேறிய நாடகத்துக்குப் பெண்ணையே தர முன்வந்தார். ஐம்பது ஆண்டுகளாகச் செல்லப்பாவைப் பார்த்துத்தான் சிரிக்கிறோம் என்று எண்ணியிருந்தோம்.

விசுவநாதன் சொன்னது முற்றும் தவறு என்றும் சொல்லமாட்டோம். செல்லப்பா தொழில் கற்காதவன். கதைக்கு முன் கதாநாயகியைத் தேடியவன். எம் மகன் அப்படியல்லன். இது தந்தையின் பாசத்தால் சொல்லுவதாக நீங்கள் எண்ணினால் மறுக்கமாட்டோம். மூன்று படங்களில் உதவியாளனாக வேலை செய்துவிட்டான். அவற்றுள் ஒன்று பெட்டியிலேயே உறங்குகிறது. ஊதியம் பழைய ஊதியத்தில் கால்பங்கும் இல்லை. வாடகைக்குச் சில மாதங்களில் நாம் அனுப்புகிறோம். அவன் தாயார் அனுப்புவது எமக்குத் தெரியாது என்று அவர்கள் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

சென்ற ஞாயிறு தொலைபேசியில், அன்று அவன் சொன்ன கதையின் முடிவைக் கேட்டோம். அன்று முடிவைக் கேட்காமலேயே அல்லவா பணத்தைப் பற்றிக் கேட்டுவிட்டோம்! "மாற்றி எழுதியிருக்கிறேன், அப்பா. நேரில் வந்து சொல்லுகிறேன்" என்றான். இன்று இரவு ரயிலில் புறப்படுகிறான். ஆகவே, அவைத்தலைவர் அவர்களே, விழா முடிந்து உணவுக்கு நாம் தங்க இயலாது. விடியற்காலையில் நிலையத்துக்குச் செல்ல வேண்டும். விடை தாருங்கள்.