நன்றிப் பத்தியிலிருந்து முதல் பக்கத்துக்கு

 

இன்று பட்டம் பெறுவோரில் இருளர், குறும்பர், காட்டுநாயக்கர், பணியர், மலசர் வீடுகளிலிருந்து வந்த அறிவியல் பட்டதாரிகளும் இருப்பதாகக் கல்லூரி முதல்வர் சொன்னார். அவர்களில் பலர் தம் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். என் பேச்சு எல்லோருக்கும்தான். ஆனாலும் அவர்களைப் பார்த்துத்தான் அதிகம் பேசப்போகிறேன். மற்றவர்களும் கேளுங்கள், உங்களுக்கும் இதில் வேலை இருக்கிறது.

நான் விலங்கியல் படித்தது சென்னையில். தவளை அறுத்தோம், கரப்பான் அறுத்தோம், சுறா அறுத்தோம். ஃபார்மலின் நெடி துவைத்தாலும் சட்டையை விட்டுப் போகாது. ஒரு காட்டு விலங்கை அது வாழும் இடத்தில் பார்க்காமலே பட்டம் வாங்கிவிடக்கூடிய காலம் அது. ஒரே ஒரு பேராசிரியர் மட்டும், பேருந்துச் செலவைத் தாமே ஏற்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களை வேடந்தாங்கலுக்குக் கூட்டிப்போனார். மரம் கொள்ளாமல் நத்தைகுத்தி நாரைகள். அன்று அவர் கூட்டிப்போகாவிட்டால் நான் வங்கித் தேர்வு எழுதப் போயிருப்பேன். ஆசிரியர்களே, ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு அவ்வளவு வலிமை உண்டு.

பிறகு ஆய்வுக்காக ஆனைமலைக்குப் போனேன். காடர், மலசர், மலைமலசர், முதுவர், புலையர், எரவாளர் என ஆறு பழங்குடிகள் வாழும் மலை அது. இருவாச்சிப் பறவையின் கூட்டைத் தேடிக்கொண்டிருந்தேன். பெரிய இருவாச்சி முட்டையிடும் காலத்தில் பெண்பறவை ஒரு பெருமரத்தின் பொந்துக்குள் புகுந்து, தன் எச்சத்தையும் பழச்சதையையும் குழைத்து வாசலை அடைத்துக்கொள்ளும். ஒரு கீறல் அளவுக்குத்தான் திறப்பு இருக்கும். பல வாரங்களுக்கு, அதற்கும் உள்ளே வளரும் குஞ்சுக்கும் அந்தக் கீறல் வழியாகவே ஆண்பறவை இரை கொடுக்கும். ஆண்பறவை செத்தால் உள்ளே இருக்கும் உயிர்களும் பட்டினிதான். அப்படிப்பட்ட பொந்தை நூறடி உயரத்தில், இலைக்கூட்டத்துக்கு நடுவே நான் தொலைநோக்கியால் தேடினேன். கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

என்னோடு வந்தவர் காடர் குடியிருப்பு ஒன்றின் மூப்பர். அவர் மேலே பார்க்கவே இல்லை. “சாரே, கீழே பாருங்க” என்றார். அவர் காட்டிய மரத்தடியில் அத்தி விதைகளும் காட்டுச் சாதிக்காய்க் கொட்டைகளும் ஒரு பக்கமாகக் கொட்டிக் கிடந்தன. அவற்றுக்கு நேர்மேலே அடிமரத்தில் வெள்ளையாக எச்சம் வழிந்த தடம். அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டே கண்ணை ஏற்றினால் கீறல் தெரிந்தது. அதோடு அவர் நிறுத்தவில்லை. விதைகளுக்கிடையே முளைத்திருந்த கன்றுகளைக் காட்டி, இது போன வருசத்துக் கன்று, இது அதுக்கு முந்தினது என்று உயரம் வாரியாகப் பிரித்தார். அந்தப் பொந்தில் எத்தனை வருடமாகக் கூடு இருக்கிறது என்பதை மண்ணில் படித்துவிட்டார். சில வாரம் கழித்து அதே மரத்தடியில் வண்டின் சிறகோட்டையும் ஓணானின் எலும்பையும் பொறுக்கிக் கையில் கொடுத்து, “குஞ்சு பொரிச்சாச்சு” என்றார். குஞ்சு வந்ததும் ஆண்பறவை பழத்தோடு பூச்சி, பல்லி வகைகளையும் அதிகமாகக் கொண்டுவரத் தொடங்கும். மரம் ஏறாமல், பறவையைக் கலைக்காமல், உள்ளே நடப்பதைத் தரையில் கிடப்பதை வைத்துச் சொல்லும் ஒரு முறை அது. கவனிப்பு, ஊகம், மறுபடி வந்து சரிபார்ப்பு மூன்றும் அதில் இருக்கின்றன. அறிவியல் என்று நான் அறிந்தது அதைத்தான்.

எங்கள் துறையின் கட்டுரைகளை எடுத்துப் பாருங்கள். முதல் பக்கத்தில் ஆய்வாளர்களின் பெயர்கள். கடைசியில், நன்றி சொல்லும் சின்னப் பத்தியில், வழிகாட்டி வந்தவர் பெயர். சில கட்டுரைகளில் பெயர்கூட இல்லை, ‘உள்ளூர் உதவியாளர்கள்’ என்று முடிந்துவிடும். அந்த மூப்பரின் தலைமுறைக்கு எழுத்தறிவு எட்டவில்லை என்று ஒரு காலத்தில் காரணம் சொல்லியிருக்கலாம். இன்று பட்டம் வாங்கிக்கொண்டு நீங்கள் எதிரே உட்கார்ந்திருக்கிறீர்கள். இனி அந்தக் காரணம் செல்லாது.

2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் பழங்குடியினர் 7,94,697 பேர். மாநிலத்தின் எழுத்தறிவு 80.1 விழுக்காடாக இருந்தபோது பழங்குடியினருடையது 54.3 விழுக்காடு. அந்த இடைவெளியைத் தாண்டித்தான் ஒவ்வொரு பிள்ளையும் தாவரவியல், விலங்கியல் வகுப்பறைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அவ்வளவு தூரம் வந்த பிள்ளைக்கு அடுத்து என்ன வழி வைத்திருக்கிறோம்? பெரும்பாலும் தற்காலிக வேட்டைத் தடுப்புக் காவலர் பணி. அந்தப் பணியின் மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. புலியும் யானையும் நம் காட்டில் நடமாடுவதே அவர்களால்தான். 2024-இல் தமிழ்நாட்டில் 1,031 வரையாடுகளையும் 2025-இல் 1,303 வரையாடுகளையும் எண்ணினோம் என்றால், அந்தப் பாறைச் சரிவுகளில் கால் வைத்து நடந்தவர்களில் பலர் அவர்கள்தான். ஆனால் அந்த எண்ணிக்கையை அட்டவணையாக்கி, வரைபடமாக்கி, எங்கே புல்வெளியை மீட்பது என்று முடிவு செய்யும் மேசையில் அவர்கள் எத்தனை பேர்?

அந்த மேசைக்குப் போகும் கதவுதான் காட்டுயிர்ப் பாதுகாப்பில் கிடைக்கும் பயிற்சிப் பணி. இன்டர்ன்ஷிப் என்று எல்லோரும் சொல்கிறோமே, அதுதான். இன்றைக்கு அது பெரும்பாலும் எப்படி இருக்கிறது? மூன்று மாதம், ஊதியம் கிடையாது, பயணச் செலவு சொந்தப் பொறுப்பு, மடிக்கணினி கொண்டுவர வேண்டும், ஆங்கிலத்தில் தன்விவரக் குறிப்பும் தெரிந்த பேராசிரியர் இருவரின் பரிந்துரையும் வேண்டும். அம்மா தேயிலை பறித்துக் கொண்டுவரும் கூலியில் நடக்கும் வீட்டுப் பிள்ளை இதற்கு விண்ணப்பிக்க முடியுமா? திறமை பார்த்துத் தேர்ந்தெடுப்பதாகத்தான் எல்லா நிறுவனங்களும் நம்புகின்றன. மூன்று மாதம் சம்பளமில்லாமல் இருக்க முடிந்தவர்களுக்குள்தான் அந்தத் திறமையைத் தேடுகிறோம்.

என் கோரிக்கை எளியது. பழங்குடி அறிவியல் பட்டதாரிகளுக்கென்றே, ஓராண்டுப் பயிற்சிப் பணி வேண்டும். ஓராண்டு ஏன்? தென்மேற்குப் பருவத்தையும் வடகிழக்குப் பருவத்தையும் இருவாச்சியின் கூடு காலத்தையும் ஒருசேரப் பார்க்காமல் மேற்குத் தொடர்ச்சி மலையை யாரும் படிக்க முடியாது. வீட்டுக்கும் கொஞ்சம் அனுப்பும் அளவுக்கு மாத ஊதியம் வேண்டும். காட்டில் தானியங்கிக் கேமரா கட்டுவதோடு வேலை முடியக் கூடாது. அந்தப் படங்களைக் கணினியில் பிரித்து, புள்ளியியல் செய்து, கட்டுரை எழுதுவது வரை கற்றுத்தர வேண்டும். வழிகாட்ட இருவர் வேண்டும்: ஒரு விஞ்ஞானி, மலையறிந்த ஒரு மூத்தவர். மூத்தவருக்கும் சம்பளம் உண்டு. எந்தச் செய்தியை வெளியிடலாம், எந்தத் தேன்பாறையின் இடமும் கோயிற்காட்டின் வழியும் குடியிருப்புக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பதை அந்த ஊர் முடிவு செய்யட்டும். கட்டுரை வந்தால் பயிற்சியாளர் பெயர் முதல் பக்கத்தில் வர வேண்டும்.

பழங்குடிப் பிள்ளை என்பதற்காகத் தன் மலையையே ஆராய வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவும் கூடாது. காட்டுநாயக்கர் பெண் கடலாமையைப் படிக்க ஆசைப்பட்டால் அவளைக் கடற்கரைக்கு அனுப்புங்கள்.

இருளர் பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று. மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சை எடுத்து விஷமுறிவு மருந்துக்குத் தருகிறது. இருளர்களான மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குப் போய், அங்கே பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைத் தேடிப் பிடித்துக் காட்டினார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ. இந்த மருந்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரே வகைப் பாம்பின் நஞ்சு ஊருக்கு ஊர் மாறுகிறது. ஒரு பகுதியின் நஞ்சிலிருந்து செய்த மருந்து இன்னொரு பகுதியில் எப்போதும் அதே அளவுக்கு வேலை செய்வதில்லை. இதை ஆராயப் பாம்பும் தெரிந்த, உயிர்வேதியியலும் படித்த ஆள் வேண்டும். அந்த ஆள் இந்த அரங்கிலேயே இருக்கலாம்.

நடக்காத காரியத்தை நான் கேட்கவில்லை. மேற்கு ஆஸ்திரேலியாவின் கிரேட் சாண்டி பாலைவனத்தில் இரவுக்கிளி என்றொரு பறவை உண்டு. பல பத்தாண்டுகள் கண்ணில் படாமல், அற்றுப்போய்விட்டதோ என்று அஞ்சப்பட்ட பறவை. ஙுரூர்பா என்னும் பூர்வகுடிப் பகுதியின் காவலர்கள், தம் நிலத்தின் நீர்நிலைகளையும் புல்திட்டுகளையும் அறிந்தவர்கள், விஞ்ஞானிகளோடு சேர்ந்து ஒலிப்பதிவுக் கருவிகளை வைத்தார்கள். ஐம்பது பறவைகள் வரை அங்கே இருக்கலாம் என்று 2024-இல் வெளியானது. டிங்கோ நாய்கள், காட்டுத்தனமாகிவிட்ட வீட்டுப்பூனைகளைத் தின்று கிளிகளுக்கு உதவக்கூடும் என்றும் சொன்னார்கள். அந்தக் கட்டுரையில் காவலர்களும் ஆசிரியர்கள். அங்கே அரசே பூர்வகுடிக் காவலர் திட்டத்துக்கு 2007 முதல் நிதி கொடுத்து வருகிறது.

நம்மிடம் சட்டம் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், காட்டையும் காட்டுயிரையும் பல்லுயிர் வளத்தையும் பாதுகாக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்கு அளிக்கிறது. அந்தச் சபை தன் காட்டுக்கு ஒரு மேலாண்மைத் திட்டம் எழுத வேண்டுமானால் யாரை அழைக்கும்? நகரத்து ஆலோசகரையா, தன் ஊர்ப் பட்டதாரியையா? முன்வரிசையில் இருக்கும் வனத்துறை, பழங்குடியினர் நலத்துறை அலுவலர்களே, முதல் ஆண்டில் பத்துப் பயிற்சிப் பணியிடங்கள் போதும். அடுத்த கல்வியாண்டுக்குள் அறிவியுங்கள்.

கடைசியாக மாணவர்களுக்கு ஒரு செய்தி. இன்று மாலையும் நாளை முற்பகலும் நான் கல்லூரி விருந்தினர் விடுதியில்தான் இருக்கிறேன். காட்டுயிர்த் துறைக்கு வர நினைப்பவர்கள் மதிப்பெண் பட்டியலோடு வாருங்கள். ஆங்கிலத்தில் எழுதத் தயக்கம் இருந்தால் தமிழில் எழுதிக் கொண்டுவாருங்கள், உட்கார்ந்து சேர்ந்தே மொழிபெயர்ப்போம். பரிந்துரைக்க ஆளில்லை என்றால், உங்களோடு பேசிப் பார்த்துவிட்டு நான் எழுதுகிறேன். அம்மா அப்பாவையும் கூட்டிவாருங்கள். பிள்ளை ஒரு வருடம் எங்கே தங்கும், பெண்பிள்ளைக்குப் பாதுகாப்பு என்ன, கையில் எவ்வளவு கிடைக்கும் என்றெல்லாம் அவர்கள் கேட்பார்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல நேரம் வைத்திருக்கிறேன்.