'அப்புறம்?' என்று கேட்க வைப்பதே கரு!

(தலைப்பு: திரைப்படத்தின் வெற்றிக்குப் பெரிதும் துணை நிற்பது கதைக் கருவா? சொல்லும் விதமா? – 'கதைக் கருவே' என்ற அணியில் பேசியது)

   

எனக்கு முன்னாடி பேசிய அம்மா ஒரு கேள்வி கேட்டாங்க. "ஒரு வரியில என்னய்யா இருக்கு? ரெண்டரை மணி நேரப் படத்தை ஒரு வரியா ஜெயிக்க வைக்குது?" நியாயமான கேள்விதான். ஆனா அம்மா, கல்யாணத்துக்கு 'சம்மதம்'னு நீங்க சொன்னது ஒரே ஒரு வார்த்தை. வீட்டுக்காரர் வருஷக்கணக்கா அனுபவிக்கிறார்! (சிரிப்பு)

நடுவர் அவர்களே! 1952 தீபாவளிக்கு நம்ம மதுரையில தங்கம் தியேட்டர் திறந்து 'பராசக்தி' போட்டாங்க. இன்னைக்கு அந்தத் தியேட்டர் இல்லை. ஆனா படம் பார்த்துட்டு வந்த எங்க அப்பத்தா அதைச் சொன்ன விதம் எங்க வீட்டுல இன்னும் இருக்கு. திண்ணையில உட்கார்ந்து சொல்லுமாம்: "ரங்கூன்ல இருந்து ஆசையா வந்த அண்ணன்காரன் இருந்ததையெல்லாம் பறிகொடுத்துட்டு, தாலியறுத்து நிக்கிற தங்கச்சி முன்னாடியே, நான்தான் அண்ணன்னு சொல்ல முடியாம பைத்தியமா நடிக்கிறான்டி." கேட்ட பொம்பளைங்க அத்தனை பேரும் "அப்புறம்?"னு கேட்டாங்களாம். அப்பத்தா சொல்லாது. "போய்ப் பாருங்கடி"ன்னு எழுந்திரிச்சிரும்! (கைதட்டல்)

அதுக்குப் பேருதான் ஒன்லைன். மேல்நாட்டுல லாக்லைன்னு சொல்றாங்க. அதுல நாலு விஷயம் இருக்கணும். யாரு? என்ன வேணும்? எது மறிக்குது? தவறினா எதை இழப்பான்? அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனா நாலும் அந்த வாக்கியத்துல இருக்கு பாருங்க.

'அந்த 7 நாட்கள்' 1981-ல வந்தது. பாக்யராஜ் படம். கட்டாயக் கல்யாணம் பண்ணி வைக்கப்பட்ட பெண் முதல் ராத்திரியே உயிரை விடத் துணியுறா. காப்பாத்தின புருஷன், "எங்கம்மா சாகக் கிடக்காங்க, ஒரு வாரம் பொறுத்துக்கோ, உன் காதலன்கிட்டயே உன்னைச் சேர்த்து வைக்கிறேன்"ங்கிறான். அவ்வளவுதான் கரு. பாட்டு சொல்லலை, சண்டை சொல்லலை. ஆனா மனசு கிடந்து தவிக்குதா இல்லையா? யாரோட சேரப் போறா? நல்ல ஒரு வரின்னா அதுக்குள்ள ஒரு தராசு ஆடணும்!

என் அக்கா மகன் ஒருத்தன். மேலூர்ப் பக்கம். சினிமாவுக்குக் கதை எழுதணும்னு சென்னைக்குக் கிளம்பினான். பஸ் செலவுக்கும் வாடகைக்கும் எங்க அக்கா காதுல கிடந்த கம்மலைக் கழட்டிக் கொடுத்துச்சு. ஒரு தயாரிப்பாளர்கிட்ட ரெண்டு மணி நேரம் கதை சொல்லியிருக்கான். அவரு பாதியில எழுந்து போனவர் திரும்பலை. ஊருக்கு வந்து, "மாமா, நீங்களாவது கேளுங்க"ன்னான். தாத்தா பிறந்ததுல இருந்து ஆரம்பிச்சான். நான் கேட்டேன், "மாப்ளே, உன் கதை எதைப் பத்தி?" "மண்வாசனை மாமா"ன்னான். டேய், அது மழை பேஞ்சாலே வரும்டா! (சிரிப்பு) தாய்ப்பாசம், மண்வாசனை, நட்பு, இதெல்லாம் பொருள். கதை ஆகாது.

ராத்திரி முழுக்க உட்கார்ந்து நாலு கேள்வியைக் கேட்டோம். விடியும்போது சொன்னான்: "பஞ்ச வருஷத்துல, கண்மாயில மிஞ்சின தண்ணியை முறை வச்சுப் பங்கு பிரிக்கிற நீர்பாய்ச்சிக்கு, ஒரு ராத்திரி முறை தவறினா மகள் கல்யாணம் நடக்கும், தவறலைன்னா தன் வயலே கருகும்." என்னை அறியாம நான் கேட்டேன், "அப்புறம்?" அவன் கண்ணுல தண்ணி. "மாமா, இதுவரைக்கும் யாரும் என்னை அப்புறம்னு கேட்டதே இல்லை." படம் இன்னும் வரலை நடுவர் அவர்களே. ஆனா இப்ப அவன் போற இடத்துல உட்காரச் சொல்றாங்க. (கைதட்டல்)

எதிரணி நண்பர் சட்டம் பேசினார். 1978-ல ஆர்.ஜி. ஆனந்த் வழக்குல, வெறும் கருத்துக்குக் காப்புரிமை கிடையாதுன்னு உச்ச நீதிமன்றம் சொல்லிருச்சேன்னார். உண்மைதான். அதனாலதான் பிள்ளைகளுக்குச் சொல்றேன்: ஒரு வரியோட நிக்காதீங்க, முழுக்க எழுதி, எழுத்தாளர் சங்கத்துல பதிவு பண்ணிட்டு அப்புறம் வாயைத் திறங்க. ஒரு வரி வாசக்கதவு. வீட்டைக் கட்டித்தான் ஆகணும். ஆனா ஐயா, வாசல் இல்லாத வீட்டுக்குள்ள யாரு நுழைவா?

கடைசியா ஒன்று. மலையில வாழ்ந்த குறவர்கள் இளங்கோவடிகளிடம் வந்து, ஒரு மார்பிழந்த பெண் வேங்கை மரத்தடியில் நின்றாள், விண்ணுக்குப் போனாள் என்றார்கள். அது காட்சி. அதிசயம். பக்கத்தில் இருந்தவர் மதுரைக் கூலவாணிகன் சாத்தனார், நம்ம ஊர்த் தானிய வியாபாரி! அவர்தான் சொன்னார்: பொருளெல்லாம் இழந்தவன், மனைவியின் சிலம்பை விற்றுப் பிழைக்க மதுரைக்கு வந்தான், பொற்கொல்லன் பழி சுமத்த, அரசன் ஆராயாமல் கொன்றான், அவள் நீதி கேட்டாள். அதைக் கேட்ட பிறகு இளங்கோ, "அவர்களின் வினைவிளைவு என்ன?" என்று திருப்பிக் கேட்டதாகப் பதிகம் சொல்கிறது. அதுதான் அய்யா அந்தக் காலத்து "அப்புறம்?" (பலத்த கைதட்டல்)

அந்தச் சில வரியிலிருந்து முப்பது காதை பிறந்தது. 1942-ல 'கண்ணகி', 1964-ல 'பூம்புகார்' என்று திரைக்கும் வந்தது. சொன்ன விதம் ஒவ்வொரு காலமும் மாறிச்சு. செய்யுள் வசனமாச்சு, ஏடு பிலிமாச்சு. மாறாமல் நின்றது எது? கரு!

அன்னைக்கு ஒரு சிலம்பு, எங்க வீட்டில் ஒரு கம்மல். ஒரு தாய் கழட்டிக் கொடுத்த கம்மல் வீணாகாமல் இருக்கணும்னா, பிள்ளைகளே, ஊரை விட்டுக் கிளம்புமுன் உங்க கதையை உங்க அம்மாகிட்ட ஒரு வரியில சொல்லிப் பாருங்க. அடுப்பைத் திரும்பிப் பார்க்காம "அப்புறம்?"னு அவங்க கேட்டா, தைரியமா பஸ் ஏறுங்க!

ஆகவே, திரைப்படத்தின் வெற்றிக்குப் பெரிதும் துணை நிற்பது கதைக் கருவே என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன்.